நாவலரவர்களின் இளம்பருவம்

பெரியோர் சரித்திரங்களை ஓதுவோர் அவர் முடிவிற் பெற்ற புகழை நோக்கி மகிழ்வர்; அதற்கு வித்தாகிய இளம்பருவத்தை ஊன்றி நோக்குவார் சிலரே. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் பாதிரிமாரது பாடசாலையிலே உத்தியோகஞ் செய்த காலத்தை நம்மவரிற் சிலர் சொல்லக் கூசி விரைந்து கடப்பர். யாம் அக்காலத்தையே ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றாம்.

நாவலரவர்கள் 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆந் தேதி கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் இளைய புதல்வராகத் தோன்றினார். சிறு பிராயத்திலே தந்தையாரை இழந்தார். சரவணமுத்துப் புலவர், சேனாதிராச முதலியார் என்னும் வித்துவான்களிடத்தே தமிழ் நூல்களைக் கற்றார். உவெஸ்லியன் மிஷனாரது பாடசாலையில் ஆங்கிலங் கற்று, இருபது பிராயம் நிரம்புமுன் அங்கேயே ஆசிரியராயமர்ந்தார். அதன் தலைவராகிய பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழிற் பெயர்க்குந் தொழிலுக்கு அவரைத் துணையாகக் கொண்டார்.

ஈண்டு ஓர் ஐயம் நிகழும். ஆன்மா சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பது சித்தாந்தம். அங்ஙனமாயின், ஆண்டுகள் பலவாகப் பரசமயத்தாரோடிருந்து அவர் வேதத்தைச் சொற்சொல்லாக ஆராய்ந்த இளைஞர் அவ்வண்ணமாகாதது யாங்ஙனம்?

கை செய்யுந் தொழில் வேறு. நெஞ்சு பற்றுஞ் சார்பு வேறு. நாவலரவர்கள் கூலிக்குத் தொழில் செய்தாராயினும் சைவாசாரத்தினின்றும் வழுவினாரல்லர். சிவத்தைச் சார்ந்த நெஞ்சிலே பிறிதொரு சார்பு புகுதற்கிடமின்றாயிற்று. அன்றியும், அத்தொழிலே அவருக்குத் தம்மைக் காட்டுங் கண்ணாடியுமாயிற்று. பைபிளின் பழைய ஏற்பாட்டிலே ஆலயமும் பலியும் தூபமும் விதிக்கப்பட்டிருத்தலைக் கண்டார். அவ்வறிவே 1854ஆம் ஆண்டில் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்துக்குக் கருவியாயிற்று. நியமமாகப் பிரசங்கித்தலும், வகுப்பு வகுப்பாகக் கற்பித்தலும், அச்சிட்ட புத்தகங்களைப் பரப்புதலும் பிறசமயத்தாருக்கு எத்துணை வலியாயின என்பதையும் உடனிருந்து கண்டார். சைவச் சிறுவர் கல்வியை விரும்பிச் சென்று தஞ்சமயத்தை அறியாமலே இழத்தலையும் கண்டார். தாம் செய்யக்கடவது யாதென்பது அப்பொழுது அவருக்குத் தெளிவாயிற்று.

தெளிந்தவுடன் யாவற்றையும் உதறி எழுந்தாரல்லர். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் தேதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே முதற் பிரசங்கஞ் செய்தபொழுதும் அவர் மிஷன் உத்தியோகத்திலேயே இருந்தார். 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அவ்வாண்டிலேயே உத்தியோகத்தையும் விடுத்தார். அதன்பின் வேறு உத்தியோகத்தை நாடினாரல்லர்; இல்வாழ்க்கையையும் வேண்டினாரல்லர். 1849ஆம் ஆண்டில் அச்சியந்திரங் கொள்ளுதற்பொருட்டுத் தமிழ்நாட்டுக்குச் சென்றபொழுது, திருவாவடுதுறை ஆதீனத்தார் அவரது பிரசங்கத்தைக் கேட்டு நாவலர் என்னும் பட்டத்தை நல்கினர். அப்பொழுது அவருக்குப் பிராயம் இருபத்தாறே. 1852ஆம் ஆண்டிற் பெரியபுராண வசனத்தை வெளிப்படுத்தினார். 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆந் தேதி சிவபதமடையும்வரை அவர் செய்தன யாவும் அவ்விளம்பருவத்துத் தெளிவின் விரிவேயாம்.

ஆதலின், அவ்வாண்டுகள் மறைத்தற்குரியனவல்ல; பக்குவம் முதிர்ந்த காலமென்று போற்றற்குரியன. நம் மாணாக்கர் பலர் இன்று பிறருடைய நிலையங்களிலே பிறருடைய கலைகளைக் கற்றுத் தொழில் செய்கின்றனர். அவர் செல்லுமிடத்தை எண்ணி அஞ்சுதலினும், அவர் நெஞ்சுக்கு உறுதியான சார்பொன்றை இளமையிலே அளித்தோமா என்று ஆராய்தலே ஆசிரியராகிய நமக்குக் கடன்.

சிவம்.