சைக்கிள் விளக்கு விற்றுக் கோடீசுவரர் ஆனவர்!

இரவில் நெடுந்தூரம் சைக்கிளில் போகிறவருக்கு விளக்குதான் கண். நடுவழியில் அது அணைந்துவிட்டால் என்ன ஆவது? காட்டாங்குளத்தூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில், லாரிகளுக்கு நடுவே சைக்கிள் மிதிப்பவர்களுக்கு அந்தப் பயம் தெரியும்.

விளக்கு எத்தனை மணி நேரம் எரியும்? இந்தக் கேள்விக்கு விடை கண்ட ஒருவர், ஜப்பானின் பெரிய பணக்காரர் ஆனார். அவர்தான் கோனோசுகே மட்சுஷிதா.

9 வயதில் வேலை

1894-ம் ஆண்டு வாகயாமா பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். வசதியான குடும்பம்தான். ஆனால், தந்தை அரிசிச் சந்தையில் பணத்தைப் போட்டு எல்லாவற்றையும் இழந்தார். மகனின் படிப்பு நின்றது.

9 வயதுச் சிறுவன் ஒசாகா நகருக்கு வேலைக்குப் போனான். முதலில் கணப்புச் சட்டிக் கடை. பிறகு சைக்கிள் கடை. அங்கே சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, மின்சாரக் கம்பெனியில் சேர்ந்தான்.

1918-ல் மட்சுஷிதா சொந்தத் தொழில் தொடங்கினார். மனைவியும் மைத்துனரும் கூட உழைத்தார்கள்.

காற்றில் அணைந்த விளக்கு

அந்தக் காலத்தில் சைக்கிளில் மெழுகுவர்த்தி விளக்கும் எண்ணெய் விளக்கும்தான் மாட்டுவார்கள். காற்று அடித்தால் அணைந்துவிடும். பேட்டரி விளக்கும் உண்டு. ஆனால், அது இரண்டு மூன்று மணி நேரத்தில் உயிரை விட்டுவிடும்.

மட்சுஷிதா ஆறு மாதம் பாடுபட்டார். நூறு மாதிரிகள் வரை செய்து பார்த்தார். 1923-ல், துப்பாக்கிக் குண்டு வடிவில் புது விளக்கு பிறந்தது. அது 30 மணி நேரத்துக்கும் மேல் எரிந்தது!

ஆனால், வாங்க ஆள் இல்லை. பேட்டரி விளக்கு என்றாலே மொத்த வியாபாரிகள் முகம் சுளித்தார்கள். சரக்கு குவிந்தது. நாள் ஆக ஆக பேட்டரியின் சக்தி குறையும். பிழைப்பே போய்விடும் நிலை!

கடையில் எரிந்த விளக்கு

மட்சுஷிதா தயங்கவில்லை. சைக்கிள் கடைகளுக்கே ஆள் அனுப்பினார். கடைக்கு இரண்டு மூன்று விளக்குகளை, காசு வாங்காமல் வைத்தார். ஒன்றை எரியவிட்டார். எவ்வளவு நேரம் எரிகிறது என்று கடைக்காரரே பார்க்க வேண்டும். திருப்தி இருந்தால் மட்டும் பணம் தரலாம்.

விளக்கு அணையவில்லை. கடைக்காரர்கள் பணத்தோடு தேடி வந்தார்கள்!

1927-ல் சதுர விளக்கு செய்தார். அதற்கு 'நேஷனல்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் பிற்காலத்தில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் மூலம் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் வந்தது. அவருடைய கம்பெனிதான் இன்றைய 'பானாசோனிக்'.

1989-ல், 94 வயதில் மட்சுஷிதா காலமானார்.

சைக்கிள் விளக்கு வாங்குகிறவர்களுக்கு அவர் வாழ்க்கையில் ஒரு பாடம் உண்டு. கடையில் தெரியும் வெளிச்சத்தை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. வீட்டில் ஓர் இரவு எரியவிட்டுப் பார்த்த பிறகே, அதை நம்பி நெடும்பயணம் கிளம்ப வேண்டும்!