ஏட்டுக்கு முகவரி தந்தவர்

தமிழ்த் தாத்தா என்று நாம் உரிமையோடு அழைக்கும் உ. வே. சாமிநாதையரைப் பற்றிக் கட்டுரை வராத கல்லூரி மலர் அரிது. ஓலை தேடி ஊர் ஊராக அலைந்தவர் என்பதோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு. பிறர் வாக்கை எடுத்தாளும்போது அது எந்த நூலில் உள்ளது என்று கூறாமல் விட்டால் பின்னால் வருகிறவன் படும் பாடு என்ன என்பதை அவரைப் போல் அனுபவித்து அறிந்தவர் தமிழில் இல்லை எனலாம்.

1855 ஆம் ஆண்டு பிப்ரவரி 19 ஆம் நாள் பிறந்தவர். ஊர் தஞ்சைத் தரணியின் உத்தமதானபுரம். தந்தையார் சங்கீத வித்துவான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். ஆசிரியர் 1876 இல் மறைந்தார். 1880 இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அதே ஆண்டு அக்டோபரில், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். படித்த நூல்களை ஐயர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் சிறிதும் அசையாமல், பழைய காப்பியங்களைப் படித்ததுண்டா என்று வினவினார். இல்லை என்பதே விடை. முதலியார் சீவகசிந்தாமணியின் பிரதி ஒன்றைக் கொடுத்தார்.

இங்கேதான் இடர் தொடங்கியது. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உரை உண்டு. அவ்வுரையில் இடையிடையே வேறு நூல்களின் அடிகள் வரும். பிறரும் இவ்வாறு கூறினர் என்ற அளவோடு உரைகாரர் நிறுத்திக்கொள்வார். அந்தப் பிறர் யாவர்? நூலின் பெயர் என்ன? ஒன்றும் இராது. உரைகாரரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் காலத்து மாணாக்கர்க்கு அந்த நூல்கள் மனப்பாடம். ஓர் அடியைத் தொட்டால் முழுப் பாட்டும் நினைவுக்கு வரும். நூல்கள் வழக்கொழிந்த பிறகு, முகவரியில்லாத கடிதம் போல் அந்த அடிகள் உரையில் தங்கிவிட்டன. சென்ற ஆண்டு தாம் எழுதிய ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் தேதியும் மாதிரி எண்ணும் இல்லாத பக்கத்தைக் கண்டு விழித்த நண்பர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. அவர்களுக்கு இத்துன்பம் சிறிது விளங்கும்.

பின்னர்த் திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் பழைய ஏடுகளை ஆராய்ந்தபோது, பத்துப்பாட்டும் எட்டுத்தொகை நூல்களும் வெளிப்பட்டன. உரையில் பெயரின்றி நின்ற அடிகள் பல, அந்த ஏடுகளில் தம் சொந்த வீட்டில் இருக்கக் கண்டார். மேற்கோளைத் தேடிப் போனவருக்குச் சங்க இலக்கியமே கிடைத்தது! சமண நூலின் பொருளைக் கும்பகோணத்துச் சமண அன்பர்களிடம் நாணாமல் கேட்டறிந்து, 1887 இல் சிந்தாமணியை அச்சேற்றினார். 1889 இல் பத்துப்பாட்டு. அதில் கபிலர் மலர்களை அடுக்கும் குறிஞ்சிப்பாட்டுப் பகுதியில் சில அடிகள் அகப்படாமல் இருந்து, தருமபுரம் மடத்து ஏட்டில் கிடைத்தன. 1892 இல் சிலப்பதிகாரம், 1894 இல் புறநானூறு, 1898 இல் மணிமேகலை.

தாம் பட்ட துன்பம் பின்னோர்க்கு வேண்டாம் என்று எண்ணினார் போலும். எந்த ஊரில் யார் வீட்டு ஏடு உதவியது என்பதை முகவுரையில் எழுதினார். உரையில் எடுத்தாளப்பட்ட நூல்களுக்குப் பட்டியல் தந்தார். பிரதிகளில் கண்ட வேறுபாடுகளை அடிக்குறிப்பில் சேர்த்தார். புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. எண்ணை மாற்றி வரிசையை ஒட்டுப்போடவில்லை, அவ்விடம் வெறுமையாகவே நிற்கிறது.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் வாழும் இந்தப் புனே நகரில், பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தார் 1919 முதல் 1966 வரை மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பை உருவாக்கினர். ஒவ்வொரு சுவடிக்கும் ஒரு குறி; அதன் லிபிக்கு ஓர் எழுத்து, பிரதிக்கு ஓர் எண். நம் பக்கத்துக் கிரந்த ஏடுகளுக்கும் அதில் இடமுண்டு. எந்தப் பாடம் எந்தச் சுவடியில் என்று உடனே காணலாம். ஐயர் வேறுபாட்டைக் கொடுத்தாரே தவிர, அது எந்த ஏட்டினது என்பதைப் பெரும்பாலும் குறிக்கவில்லை. ஆகவே அவர் முடிவை நாம் மறுபடி சோதிப்பது கடினம். தமிழ்த் தாத்தாவைக் குறை கூறலாமா என்று சிலர் சினக்கக்கூடும். நிலையமும் பணியாளரும் பெரும்பொருளும் இன்றி, கல்லூரி வேலைக்கு நடுவே, பல்லாண்டு முன்னரே அவர் செய்த பணி அது என்பதையும் சேர்த்தே நான் எண்ணுகிறேன்.

கடிதங்களை மட்டும் அவர் விடவில்லை. 1933, 1934 இல் இரு பாகங்களாக எழுதிய தம் ஆசிரியர் சரித்திரத்தில் பிள்ளையவர்களின் கடிதங்களையும் சேர்த்தார். தமக்கு வந்தவற்றையும் சேமித்து வைத்தார். 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதிவந்தவர், 1942 ஏப்ரல் 28 இல் திருக்கழுக்குன்றத்தில் காலமானார்; வரலாறு மணிமேகலைப் பதிப்புக் காலத்தோடு நின்றுபோயிற்று. அவருக்கு 1877 முதல் 1900 வரை வந்த கடிதங்கள் 2018 இல் தொகுதியாக வெளிவந்துள்ளன. எண்பது வயதுக்கு மேல் நினைவிலிருந்து அவர் எழுதியதை, அந்நாளில் வந்த கடிதத்தோடு வைத்துத் தேதி தேதியாக ஒப்பிட இப்போது வழியுண்டு.