நினைவையே ஏடாகக் கொண்ட இசைமேதை

ஏட்டைக் கையில் ஏந்திக் கற்போர் பலர். அதனை நெஞ்சிலே எழுதிக்கொள்வோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் இத்தாலிய இசைமேதை ஆர்த்துரோ தோஸ்கனினி. ஆப்பரா எனப்படும் மேலை இசைநாடகம் தொலைக்காட்சியில் அடியெடுத்து வைத்த வரலாற்றை அறிய விழையும் நாம், அவர் வாழ்வையும் அறிதல் வேண்டும்.

1867 மார்ச் 25ஆம் நாள் பார்மா நகரில் தையற்காரர் ஒருவரின் மகனாகத் தோன்றிய அவர், அந்நகர இசைக்கல்லூரியில் செல்லோ என்னும் நரம்புக்கருவி பயின்றார். 1886இல் இத்தாலியக் குழுவொன்றுடன் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோவுக்குச் சென்றார். அங்கு வெர்டியின் ‘அய்டா’ நடைபெறவிருந்த இரவில், விலகிய நடத்துநருக்கு மாற்றாக வந்தவரை அவையோர் கூச்சலிட்டு ஏற்க மறுத்தனர். உடன்கலைஞர் வற்புறுத்தலால் 19 வயது தோஸ்கனினி கோலேந்தினார். இசைக்குறிப்பைப் பாராமல் நாடகம் முழுவதையும் நினைவிலிருந்தே நடத்தி முடித்தார். கூச்சலிட்ட அவை ஆரவாரித்தது. கிட்டப்பார்வையுடைய அவருக்கு அந்நினைவாற்றலே வாழ்நாள் துணையாயிற்று.

மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கிலும் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அரங்கிலும் அவர் புகழ் வளர்ந்தது. புகழினும் பெரிது அவர்தம் நெஞ்சுரம். 1931இல் பொலோஞாவில் பாசிசக் கட்சிப் பாடலை இசைக்க மறுத்ததற்காகத் தாக்கப்பட்டார். 1933இல் யூதக் கலைஞர்களை நாஜிகள் ஒடுக்கியதைக் கண்டித்துப் பெய்ராய்ட் இசைவிழாவைத் துறந்தார். 1937இல் அமெரிக்காவின் என்.பி.சி. வானொலி நிறுவனம் அவருக்கென்றே ஓர் இசைக்குழுவை அமைத்தது.

1948இல் அக்குழுவின் நிகழ்ச்சிகள் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாயின. மறு ஆண்டில் வந்தது ‘அய்டா’. எகிப்தின் கெதீவ் இஸ்மாயீலின் விருப்பத்தால் உருவாகி, 1871இல் கெய்ரோவில் அரங்கேறிய நாடகம் அது. அரண்மனையும் நைல் கரையும் வெற்றி ஊர்வலமும் விரியும் அப்பெருங்காட்சியைச் சிறுதிரைக்குள் அடக்குவது எங்ஙனம்? ஒப்பனையும் அரங்கப் பொருள்களும் நீக்கப்பட்டன. பாடகர்கள் கச்சேரியிற்போல் நின்று பாடினர். நான்கு அங்கங்களும் இருகூறாக்கப்பட்டு, 1949 மார்ச் 26, ஏப்ரல் 2 ஆகிய இரு நாள்களில் ஒளிபரப்பாயின.

ஊர்வலம் காணும் வாய்ப்பு நேயர்க்கு இல்லாமற் போனது உண்மையே. ஆயினும் அரங்கில் அமர்ந்தோர் நடத்துநரின் முதுகையே காண்பர். ஒளிப்படக்கருவியோ அவர் முகத்தைக் காட்டியது. 82 வயது நிறைந்த மறுநாள், ரியோவில் அன்று நடத்திய அதே நாடகத்தை, அதே நினைவிலிருந்து அம்முதியவர் நடத்திய காட்சியை இல்லங்களிலிருந்தே மக்கள் கண்டனர். ஓவிய அரங்கம் இழந்ததை அம்முகம் ஓரளவு ஈடுசெய்தது எனலாம்.

1954 ஏப்ரல் 4 அன்று நடந்த நிகழ்ச்சியில் அந்நினைவு கணப்பொழுது தடுமாறிற்று. அவர் அவையோர்முன் கோலேந்திய இறுதி நாள் அதுவே. 1957 ஜனவரி 16 அன்று நியூயார்க்கில் மறைந்தார். அவ்வொளிபரப்பின் படப்பதிவு இன்றும் வாழ்கிறது. பாடத்தை நெஞ்சில் பதித்தலும், நெஞ்சு ஒவ்வாததை மறுத்தலும் ஒருவரிடமே அமையக்கூடும் என்பதை நம் மாணவச் செல்வங்கள் அவர் வாழ்விலிருந்து உணர்வார்களாக.