துப்பாக்கி மேதை ஜான் பிரௌனிங்

நம் கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து .22 துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுட்டவர்கள் ஒன்றை அறிவார்கள். ஒருமுறை சுட்டபின், போல்ட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால்தான் அடுத்த முறை சுடலாம். அந்தக் கைவேலையைத் துப்பாக்கியே செய்துகொள்ளுமாறு அமைத்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் ஜான் மோசஸ் பிரௌனிங். அவர் காலத்தில் அத்தகைய துப்பாக்கிகளைப் பலரும் செய்தனர். இடையில் தோட்டா சிக்காத துப்பாக்கியைச் செய்வதுதான் அரிதாக இருந்தது.

அமெரிக்காவின் யூட்டா பகுதியில், ஆக்டன் என்னும் ஊரில் 1855-இல் அவர் பிறந்தார். தந்தை ஜோனாதன் துப்பாக்கி செய்யும் தொழிலாளி. 22 மக்களைப் பெற்ற பெருங்குடும்பி. அவர் செய்த ஒருவகைத் துப்பாக்கியில், மருந்தும் குண்டும் நிரப்பிய இரும்புக் கட்டை ஒன்று குறுக்கே செருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் அதைக் கையால் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். ஆக, அடுத்த குண்டைக் குழலுக்கு நேரே கொண்டுவருவது எப்படி என்னும் கேள்வி மகனுக்குப் பிதுரார்ஜிதமாகவே வந்தது எனலாம். பத்து வயதளவில், ஒதுக்கிப் போட்ட பழங்குழல் ஒன்றைக் கொண்டு சிறுவன் தானே ஒரு துப்பாக்கி செய்து, தம்பியுடன் சென்று காட்டுக்கோழி சுட்டு வந்தான். 1879-இல் முதல் காப்புரிமை கிடைத்தது. 1883-இல் வின்செஸ்டர் நிறுவனம் அத்துப்பாக்கியின் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கிக்கொண்டது. வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் 128.

1889-இல் ஒரு நாள், சுடும்போது குழல் வாயிலிருந்து வரும் வேகக் காற்றில் எதிரே இருந்த செடிகள் சாய்வதைக் கண்டார். வீணாகும் இந்த விசையை வேலைக்கு அமர்த்தலாமே என்று தோன்றியது. பழைய வின்செஸ்டர் ஒன்றை மாற்றியமைத்து, புகையின் அழுத்தத்தாலேயே தொடர்ந்து இயங்கும் துப்பாக்கியைச் செய்துவிட்டார். பிறகு கைத்துப்பாக்கியின் பக்கம் திரும்பினார். குழலைப் போர்த்தியபடி முன்னும் பின்னும் சறுக்கும் ஸ்லைடு என்னும் மேலுறை அவர் தந்த கொடை.

அதன் வேலையைச் சற்று விளக்க வேண்டும். சுட்டதும் ஸ்லைடு பின்னே போகிறது. வெற்றுக்கூடு வெளியே தெறிக்கிறது. பிடிக்குள் இருக்கும் மேகசினின் சுருள்வில் அடுத்த தோட்டாவை மேலே தூக்குகிறது. திரும்பி வரும் ஸ்லைடு அதைத் தள்ள, தோட்டாவின் மூக்கு ஒரு சரிவில் ஏறி அறைக்குள் நுழைகிறது. அதன் அடிவிளிம்பு ஒரு கொக்கிக்குள் போய் அமர்கிறது. இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில்!

எங்கே சிக்கும்? பெரும்பாலும் மேகசினில்தான். சுருள்வில் தளர்ந்தால் தோட்டா எழுவதற்குள் ஸ்லைடு கடந்துவிடும். மேல்விளிம்பு விரிந்தால் தோட்டா முன்கூட்டியே துள்ளும். எனவே நல்ல ஆயுதப் பழுதுநீக்குநர் அரத்தைத் தொடுமுன் வேறு மேகசினை மாட்டிப் பார்ப்பார். கோளாறு நின்றால் குற்றவாளி பழைய மேகசின். நிற்காவிட்டால் சரிவில் அழுக்கு உண்டா, கொக்கி இறுகிப் பிடிக்கிறதா என்று பார்ப்பார். பிடித்த கை தளர்ந்திருந்தாலும் ஸ்லைடு முழுதும் பின்செல்லாது. அதற்குத் துப்பாக்கியை நோவதில் பயனில்லை. பிரௌனிங்கின் .45 கைத்துப்பாக்கியில் சட்டத்தின் சரிவுக்கும் குழலின் சரிவுக்கும் இடையே ஓர் அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு இடைவெளி வேண்டும். அதை அறியாமல் இரண்டையும் ஒன்றாக இழைத்து வழவழப்பாக்கிக் கெடுத்தவர் பலர். உருண்டை முனைக் குண்டுக்கென்றே அவர் அந்தச் சரிவை அமைத்தார். பின்னாளில் முனை குழிந்த குண்டுகள் வந்தபோது பழைய துப்பாக்கிகள் சில மக்கர் செய்ததற்கு அதுவே காரணம்.

பிலிப்பைன்ஸ் போரில் .38 ரிவால்வர் எதிரியைத் தடுக்கப் போதவில்லை என்று கண்ட அமெரிக்கப் படை, வலிய .45 ஆயுதத்தைத் தேடியது. கைக்கெட்டும் தூரத்தில் எதிரி நிற்கையில் ஒரு தோட்டா சிக்கினால் போவது சிப்பாயின் உயிர். ஆகவே சோதனை கடுமையாக இருந்தது. 1910-இன் இறுதியில் நடந்த சோதனையில் பிரௌனிங்கின் துப்பாக்கியும் குறையின்றித் தேறவில்லை. குறைகளைக் களைந்து 1911 மார்ச்சில் மீண்டும் வந்தார். ஒரே துப்பாக்கியில் 6,000 தோட்டாக்கள். சூடேறியபோது தண்ணீரில் முக்கி எடுத்துச் சுட்டார்கள். நசுங்கிய தோட்டாக்களையும் கொடுத்தார்கள். மணலும் சேறும் பூசிப் பார்த்தார்கள். போட்டிக்கு வந்த சாவேஜ் துப்பாக்கி 37 முறை தடுமாறியது. பிரௌனிங்கினது ஒருமுறைகூட இல்லை. அம்மாதம் 29-ஆம் நாள் படை அதை ஏற்றது.

ஆயுதம் யார் கைக்குப் போகும் என்பது செய்தவர் கையில் இல்லை. அதே 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். 1914-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரை வீழ்த்தி உலகப் போருக்கு வழி திறந்ததும் பிரௌனிங்தான்.

1926 நவம்பர் 26-ஆம் நாள், பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், தொழிற்சாலையிலிருந்த மகன் வாலின் அலுவலக அறையில் மாரடைப்பால் அவர் காலமானார். அப்போது அவர் விட்டுச்சென்ற 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியைத் தியூதொன்னே சைவ் என்னும் பெல்ஜியப் பொறியாளர் 1935-இல் முடித்து வைத்தார். 13 தோட்டாக்கள் இரண்டு வரிசையாக அடுங்கி, மேலே வரும்போது ஒன்றாகக் குறுகும் மேகசின் சைவின் கைவண்ணம். அத்துப்பாக்கியின் வழிவந்த ஒன்று மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் நம் படையினருக்காகச் செய்யப்பட்டது.