யார் இந்த ஜர்னைல் சிங்? தலையில் தையலோடு கோல் போட்ட டிஃபெண்டர்!

டிஃபெண்டர் என்றால் கோலைத் தடுக்கணும். இவரோ ஃபைனலில் கோலே போட்டார்!

1936-ல் பஞ்சாபில் பிறந்த ஜர்னைல் சிங், 1959-ல் கொல்கத்தாவின் மோகன் பகான் அணிக்கு வந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் ஆடினார்.

1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. தாய்லாந்துடனான மேட்ச்சில் தலையில் பலத்த அடி. தையல் போட வேண்டியதாயிற்று. இனி அவ்வளவுதான் என்று பார்த்தால், அரையிறுதியில் கட்டுப்போட்ட தலையோடு அவரை ஃபார்வர்டாக இறக்கினார் கோச் ரஹீம். தெற்கு வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல். ஃபைனலில் தென் கொரியாவுக்கு எதிராக இன்னொன்று. 2-1 எனத் தங்கம் இந்தியாவுக்கு!

பிறகு இந்திய அணியின் கேப்டனானார், 1964-ல் அர்ஜுனா விருது பெற்றார், 2000-ல் மறைந்தார். ஆசிய விளையாட்டில் ஆண்கள் கால்பந்துத் தங்கம் அதன்பின் இந்தியாவுக்கு வரவே இல்லை.