கீச்சிரோ டொயோடா

கீச்சிரோ டொயோடா (ஜூன் 11, 1894 - மார்ச் 27, 1952) ஜப்பானியப் பொறியியலாளரும் தொழிலதிபரும் ஆவார். டொயோட்டா மோட்டார் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் இவரே. தானியங்கித் தறிகளை உருவாக்கிய கண்டுபிடிப்பாளர் சகிச்சி டொயோடாவின் மகனான இவர், தந்தையின் நெசவு இயந்திரத் தொழிலிலிருந்து தானுந்து (மோட்டார் வாகனம்) உற்பத்தித் துறைக்குக் குடும்பத்தைத் திருப்பினார். பிற்காலத்தில் உலகெங்கும் உழைப்புக்கும் நம்பகத்தன்மைக்கும் பெயர்பெற்ற இந்நிறுவனத்தின் முதல் வாகனங்கள் அடிக்கடி பழுதடைபவையாக இருந்தன என்பதும், அப்பழுதுகளை இவர் எதிர்கொண்ட முறையே அந்நிறுவனத்தின் பணிப் பண்பாட்டுக்கு அடித்தளமாயிற்று என்பதும் குறிப்பிடத்தக்கவை.

இளமையும் கல்வியும்

கீச்சிரோ ஜப்பானின் ஷிசுவோக்கா மாகாணத்தில், இன்றைய கொசாய் நகரத்தைச் சேர்ந்த யமகுச்சி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சகிச்சி தச்சரின் மகன். தறி ஆய்விலேயே முழுநேரமும் மூழ்கியிருந்தவர். கீச்சிரோ பிறந்த சில மாதங்களிலேயே தாயார் வீட்டைவிட்டுச் சென்றுவிட்டதால், குழந்தைப் பருவத்தில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். பின்னர் சகிச்சி மறுமணம் செய்துகொண்டு நகோயாவில் குடியேறியபோது கீச்சிரோவும் அங்கு சென்றார். சகிச்சியின் இரண்டாம் மனைவிக்குப் பிறந்த ஐக்கோ இவருடைய தங்கை. ஐக்கோவின் கணவர் ரிசபுரோ, ஜப்பானிய வழக்கப்படி டொயோடா குடும்பத்தில் தத்தெடுக்கப்பட்டு, குடும்பத் தொழில்களின் நிருவாகத்தில் முதன்மை இடம் பெற்றார்.

செண்டாய் நகரில் உயர்கல்வி பயின்ற கீச்சிரோ, டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் கற்று 1920-இல் பட்டம் பெற்றார். அங்கு உடன் பயின்றவர்களின் தொடர்பு, பின்னாளில் தானுந்து ஆய்வில் இவருக்குப் பெரிதும் உதவியது. 1921-இல் குடும்பத்துக்குச் சொந்தமான நூற்பு-நெசவு ஆலையில் பணியில் சேர்ந்தார். அதே ஆண்டு ஐக்கோ, ரிசபுரோ ஆகியோருடன் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பயணம் மேற்கொண்டார். இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் இருந்த பிளாட் சகோதரர்கள் நிறுவனத்தில் நெசவு இயந்திரங்கள் உருவாக்கப்படும் முறையை நேரில் கற்றார். 1922-இல் ஹட்டாக்கோவை மணந்தார்.

தானியங்கித் தறி

சகிச்சியின் நீண்டகால ஆய்வு, தந்தையும் மகனும் பிறரும் இணைந்து உழைத்ததில் 1924-இல் 'ஜி வகை' தானியங்கித் தறியாக நிறைவெய்தியது. ஊடை நூல் தீரும் தறுவாயில், தறியின் ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவைத் தானே மாற்றிக்கொள்வது இதன் சிறப்பு. பாவு நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். எனவே குறையுள்ள துணி தொடர்ந்து நெய்யப்படுவதில்லை. ஒவ்வொரு தறியையும் ஓர் ஆள் கண்காணித்துக்கொண்டிருக்க வேண்டியதுமில்லை. தவறு நேர்ந்த இடத்திலேயே இயந்திரம் நிற்க வேண்டும் என்ற இக்கருத்து, பின்னர் டொயோட்டாவின் தானுந்துத் தொழிற்சாலைகளில் முதன்மைக் கொள்கைகளுள் ஒன்றாக ஆனது.

இத்தறியைத் தயாரிப்பதற்காக 1926-இல் கரியா நகரில் டொயோடா தானியங்கித் தறி நிறுவனம் தொடங்கப்பட்டது. கீச்சிரோ அதன் மேலாண்மை இயக்குநர்களுள் ஒருவரானார். 1929 டிசம்பரில், ஜப்பான், சீனா, அமெரிக்கா தவிர்த்த நாடுகளில் இத்தறியைத் தயாரித்து விற்கும் உரிமை ஒரு இலட்சம் பவுண்டுகளுக்குப் பிளாட் சகோதரர்கள் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. பின்னர் மறுபேச்சின் மூலம் இத்தொகை குறைக்கப்பட்டது. ஏழாண்டுகளுக்கு முன் தாம் கற்கச் சென்ற நிறுவனத்துக்கே கீச்சிரோ தொழில்நுட்பத்தை விற்றார். சகிச்சி 1930 அக்டோபர் 30 அன்று காலமானார்.

தானுந்துத் துறையில் நுழைவு

1923-ஆம் ஆண்டின் பெரும் கான்டோ நிலநடுக்கத்தில் டோக்கியோவின் தொடர்வண்டித் தடங்கள் சிதைந்தன. நகர நிருவாகம் ஃபோர்டு அடிச்சட்டங்களை அமெரிக்காவிலிருந்து தருவித்துப் பேருந்துகளாக்கி ஓட்டியது. இச்சந்தையைக் கண்ட ஃபோர்டு நிறுவனம் 1925-இல் யோக்கோஹாமாவிலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1927-இல் ஒசாக்காவிலும் பாகங்களைப் பொருத்தி வாகனமாக்கும் ஆலைகளைத் தொடங்கின. ஜப்பானியச் சந்தை ஏறத்தாழ முழுவதும் இவ்விரு நிறுவனங்களின் கைக்குச் சென்றது. நாட்டின் பெரும் வணிகக் குழுமங்கள்கூட அவற்றுடன் போட்டியிடத் தயங்கின.

கீச்சிரோ 1930-இலேயே தறித் தொழிற்சாலையின் ஒரு மூலையில் சிறு பெட்ரோல் எஞ்சின் ஒன்றைப் பிரித்து ஆராயத் தொடங்கினார். 1933 செப்டம்பரில் தறி நிறுவனத்துக்குள் தானுந்துப் பிரிவு ஏற்படுத்தப்பட்டது. செலவையும் இடரையும் எண்ணி ரிசபுரோ முதலில் தயங்கினார் எனினும், 1934 சனவரியில் பங்குதாரர் கூட்டம் இதற்கு முறைப்படி ஒப்புதல் அளித்தது.

செவர்லே கார் ஒன்றை வாங்கிப் பாகம் பாகமாகக் கழற்றி, வரைபடம் எழுதி, உலோகக் கலவைகளைச் சோதித்து ஆய்வு நடந்தது. மிகக் கடினமாக அமைந்தது எஞ்சின் உருளைத் தொகுதியின் வார்ப்பாகும். தறிப் பாகங்களை வார்ப்பதில் தேர்ந்த தொழிலாளர்களுக்கும், குளிர்நீர் ஓடும் உட்குழிவுகளுடன் மெல்லிய சுவர்கொண்ட எஞ்சினை வார்ப்பது புதிது. எண்ணற்ற வார்ப்புகள் வீணாகி மீண்டும் உருக்கப்பட்டன. இறுதியில் 1934 செப்டம்பரில், 3,389 கன செ.மீ. கொள்ளளவும் ஆறு உருளைகளும் கொண்ட 'ஏ வகை' எஞ்சின் உருவானது. 1935 மே மாதம் 'ஏ1' என்னும் முதல் மாதிரிக் கார் நிறைவுற்றது.

ஜி1 லாரியும் பழுதுகளும்

அக்காலத்தில் இராணுவமும் அரசும் காரைவிட லாரியையே உள்நாட்டில் பெரிதும் எதிர்பார்த்தன. உள்நாட்டுத் தானுந்துத் தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்பு வரவிருந்த நிலையில், அதற்குமுன் உற்பத்தியைத் தொடங்கிவிட வேண்டிய நெருக்கடியும் இருந்தது. எனவே சில மாதங்களுக்குள்ளேயே 1.5 டன் சுமை ஏற்றும் 'ஜி1' லாரி வடிவமைக்கப்பட்டு, 1935 நவம்பரில் டோக்கியோவில் மக்கள் முன் வைக்கப்பட்டது. அந்நிகழ்ச்சிக்காகக் கரியாவிலிருந்து ஓட்டிவரப்பட்ட லாரிகளுள் ஒன்றின் திசைதிருப்பும் பாகம் வழியிலேயே முறிந்தது.

விற்பனைக்குப் பின்னரும் ஜி1 லாரிகள் அடிக்கடி பழுதடைந்தன. பின் அச்சின் கூடு உடைவது பெருங்குறையாக இருந்தது. வண்டி ஓடினால்தான் வருமானம் என்ற நிலையிலிருந்த உரிமையாளர்களுக்கு ஒவ்வொரு பழுதும் நேரடி இழப்பாகும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திலிருந்து விலகி 1935-இல் இங்கு சேர்ந்த ஷோட்டாரோ கமியா விற்பனைப் பொறுப்பை ஏற்றிருந்தார். பழுதுபார்ப்போர் விரைந்து சென்று சேரக்கூடிய ஐச்சி மாகாணத்தில் முதலில் விற்பனை தொடங்கியது. வெளிநாட்டு லாரிகளைவிடக் குறைந்த விலை வைக்கப்பட்டது. பழுதான வண்டிகள் இலவசமாகச் சரிசெய்து கொடுக்கப்பட்டன. கீச்சிரோ தாமே வண்டி நின்ற இடங்களுக்குச் சென்று, உடைந்த பாகத்தைப் பார்த்துக் காரணத்தை அறிய முற்பட்டார். நூற்றுக்கணக்கான திருத்தங்கள் இவ்வாறு செய்யப்பட்டன. ஜி1 வகையில் 379 லாரிகளே தயாரிக்கப்பட்டு, பின்னர் மேம்பட்ட வகைகளுக்கு அது வழிவிட்டது.

1937-இல் கீச்சிரோ 'தணிக்கை-மேம்பாட்டுப் பிரிவு' ஒன்றை ஏற்படுத்தித் தம் நேரடிப் பொறுப்பில் வைத்துக்கொண்டார். 1936-இல் பணியில் சேர்ந்த ஒன்றுவிட்ட தம்பி எய்ஜி டொயோடா இப்பிரிவில் பணியாற்றினார். வாகனப் பயனரிடமிருந்து வரும் குறையைப் பதிந்து, அது வடிவமைப்பில் எழுந்ததா, உலோகத்தில் எழுந்ததா, வேலைப்பாட்டில் எழுந்ததா என்று பிரித்தறிந்து, மூலத்திலேயே திருத்துவது இதன் பணியாகும்.

டொயோட்டா மோட்டார் நிறுவனம்

1936-இல் தானுந்து உற்பத்தித் தொழில் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ் உரிமம் பெற்ற முதல் நிறுவனங்கள் டொயோடா தறி நிறுவனமும் நிசானும் ஆகும். அதே ஆண்டில் 'ஏஏ' என்னும் பயணியர் கார் விற்பனைக்கு வந்தது. வணிகச் சின்னத்துக்காக நடத்தப்பட்ட போட்டியின் விளைவாக, டொயோடா என்னும் குடும்பப் பெயர் டொயோட்டா என வணிகப் பெயராக மாறியது. ஜப்பானிய கட்டக்கானா எழுத்தில் இப்பெயரை எட்டுக் கோடுகளில் எழுதலாம். எட்டு அங்கு நற்பேற்றின் எண்ணாகக் கருதப்படுகிறது.

1937 ஆகஸ்ட் 28 அன்று டொயோட்டா மோட்டார் நிறுவனம் தனி நிறுவனமாகப் பதிவுசெய்யப்பட்டது. ரிசபுரோ தலைவராகவும் கீச்சிரோ துணைத் தலைவராகவும் பொறுப்பேற்றனர். 1941-இல் கீச்சிரோ தலைவரானார். 1938 நவம்பரில் கொரோமோ என்னும் ஊரில் மாதம் 2,000 வண்டிகள் செய்யும் திட்டத்துடன் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. அவ்வூர் 1959-இல் டொயோட்டா நகரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

இத்தொழிற்சாலைக்காகக் கீச்சிரோ வகுத்த முறை, தேவையான பாகம் தேவையான நேரத்தில் தேவையான அளவு மட்டுமே வந்து சேர வேண்டும் என்பதாகும். கிடங்கில் பாகங்களைக் குவித்துவைத்தால் முதல் முடங்கும். குறையுள்ள பாகம் இருப்பதும் வெளியே தெரியாமல் போகும். போர்க்காலக் கட்டுப்பாடுகளால் இம்முறை அப்போது நிலைக்கவில்லை. போருக்குப் பின் தாய்ச்சி ஓனோ (1912 - 1990) இதனை மீட்டெடுத்து வளர்த்தார். இன்று டொயோட்டா உற்பத்தி முறை என அறியப்படுவது இதுவேயாகும்.

போரும் பின்விளைவுகளும்

இரண்டாம் உலகப்போரின்போது நிறுவனம் பெரும்பாலும் இராணுவ லாரிகளையே தயாரித்தது. போர் முடிவதற்கு முதல்நாள், 1945 ஆகஸ்ட் 14 அன்று, கொரோமோ தொழிற்சாலை குண்டுவீச்சுக்கு உள்ளாகி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சேதமடைந்தது. போருக்குப் பின் லாரி உற்பத்தி மீண்டும் தொடங்கியது. மூன்றாண்டுகளில் அமெரிக்காவின் உற்பத்தித்திறனை எட்டிப் பிடிக்க வேண்டும் என்பது கீச்சிரோவின் இலக்காக இருந்தது. 1947-இல் 'எஸ்ஏ' என்னும் சிறிய கார் வெளிவந்தது.

1949-இல் பணவீக்கத்தை ஒடுக்க மேற்கொள்ளப்பட்ட டாட்ஜ் திட்டத்தால் ஜப்பானில் கடனும் பணப்புழக்கமும் சுருங்கின. தவணையில் விற்ற வண்டிகளுக்குப் பணம் வரவில்லை. ஊதியம் தருவதே கடினமாயிற்று. ஆட்குறைப்பு செய்வதில்லை என்று தொழிலாளர் சங்கத்துக்கு உறுதியளித்து, அதற்கீடாக 10 விழுக்காடு ஊதியக் குறைப்புக்குச் சங்கத்தின் இசைவைப் பெற்றிருந்தது நிருவாகம். ஆனால் திவாலாகும் நிலையை எட்டிய நிறுவனத்துக்கு, ஜப்பான் வங்கியின் நகோயா கிளையின் முயற்சியால் கூட்டுக்கடன் வழங்கிய வங்கிகள், விற்பனைப் பிரிவைத் தனி நிறுவனமாக்கவும் மிகையான பணியாளர்களைக் குறைக்கவும் நிபந்தனை விதித்தன.

1950 ஏப்ரலில் 1,600 பேர் விருப்ப ஓய்வு பெறவேண்டும் என்று நிருவாகம் அறிவித்தது. வேலைநிறுத்தம் இரு மாதங்கள் நீடித்தது. அளித்த உறுதியைக் காக்க இயலாத நிலையில், கீச்சிரோ 1950 ஜூன் மாதம் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அவருடன் மேலும் இரு உயர் நிருவாகிகளும் விலகினர். அதன்பின் போராட்டம் முடிவுக்கு வந்தது. சுமார் 2,000 தொழிலாளர்கள் நிறுவனத்தைவிட்டு வெளியேறினர்.

அதே ஜூன் 25 அன்று கொரியப் போர் மூண்டது. அமெரிக்க இராணுவம் அடுத்த சில மாதங்களில் 4,679 லாரிகளுக்கு ஆணையளித்தது. நிறுவனம் மீண்டெழுந்தது. ஆயினும் அந்த மீட்சி, வெளியேறிய தொழிலாளர்களுக்கும் கீச்சிரோவுக்கும் சில வாரங்கள் பிந்தியே வந்தது.

மறைவு

கீச்சிரோவுக்குப் பின் தலைவரான தாய்சோ இஷிடா, நிறுவனம் நிலைபெற்றதும் அவரை மீண்டும் தலைமையேற்க அழைத்தார். அந்த ஏற்பாடு நிறைவேறுமுன், மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் கீச்சிரோ 1952 மார்ச் 27 அன்று தமது 57-ஆம் அகவையில் காலமானார். ரிசபுரோவும் அதே ஆண்டு ஜூன் மாதம் மறைந்தார். முழுவதும் ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் உருவான பயணியர் காராகப் பெயர்பெற்ற 'கிரௌன்' வெளிவந்தது 1955-இல் ஆகும். கீச்சிரோ அதனைக் காணவில்லை.

நம்பகத்தன்மையும் மரபும்

டொயோட்டாவின் நற்பெயர் உடனடியாக அமைந்துவிடவில்லை. 1958-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கிரௌன், அந்நாட்டு நெடுஞ்சாலைகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் தோல்வியுற்றது. 1960-இல் அதன் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. அக்குறைகளை ஆராய்ந்து உருவாக்கப்பட்ட கொரோனா 1965 முதல் அங்கு வரவேற்பைப் பெற்றது. அதே ஆண்டு தரக்கட்டுப்பாட்டுக்கான டெமிங் பரிசு நிறுவனத்துக்குக் கிடைத்தது. 1966-இல் வெளிவந்த கொரோலா, 2021-க்குள் 5 கோடிக்கும் மேல் விற்பனையானது. நீண்ட நாள் உழைப்பதும், எளிதில் பழுதுபார்க்கக்கூடியதாக இருப்பதும், பழைய வண்டிக்கும் நல்ல விலை கிடைப்பதும் இவ்வண்டிகளை உரிமையாளர்கள் விரும்புவதற்கான காரணங்கள் ஆகும். லேண்ட் குரூசர், ஹைலக்ஸ் ஆகியவை சாலை வசதி குறைந்த நாடுகளில் இவ்வகையில் பெயர்பெற்றவை.

இந்நற்பெயர் சோதனைக்கும் உள்ளாகியுள்ளது. 2009-2010 காலப்பகுதியில் முடுக்கி மிதியில் ஏற்பட்ட சிக்கல்களால் பல இலட்சம் வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன. அப்போது நிறுவனத்தின் தலைவராக இருந்த கீச்சிரோவின் பேரன் அக்கியோ டொயோடா 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் தோன்றி மன்னிப்புக் கோரினார். கீச்சிரோவின் மகன் ஷோய்ச்சிரோ டொயோடா (1925 - 2023), 1982-இல் உற்பத்தி, விற்பனை நிறுவனங்கள் மீண்டும் இணைந்தபோது தலைவரானவர். 1950-இல் வங்கிகளின் நிபந்தனையால் பிரிந்தவை இவ்வாறு 32 ஆண்டுகளுக்குப் பின் ஒன்றாயின.

இந்தியாவிலும் இக்குடும்பத் தொழில்கள் அதே வரிசையிலேயே வந்தன: பெங்களூருப் பகுதியில் கிர்லோஸ்கர் குழுமத்துடன் இணைந்து 1995-இல் நெசவுத்துறை இயந்திர நிறுவனமும், 1997-இல் தானுந்து நிறுவனமும் தொடங்கப்பட்டன.

கீச்சிரோவின் நூறாவது பிறந்தநாளான 1994 ஜூன் 11 அன்று, நகோயாவில் குடும்பத்தின் பழைய நெசவாலை இருந்த இடத்தில் டொயோட்டா தொழில், தொழில்நுட்ப நினைவு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஜி வகைத் தறியும் தொடக்ககால வாகனங்களின் உருவாக்க வரலாறும் அங்கு மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன.