புத்தகக் கடையை இரவுக்கு வாடகை பிடித்தவர்: ஜாஹிழின் வாசிப்பு வாழ்க்கை

சுமார் 1200 ஆண்டுகளுக்கு முன்பு, இராக்கின் பஸ்ரா நகரில், பசியோடு வீட்டுக்கு வந்த ஓர் இளைஞர் தம் உம்மாவிடம் சாப்பாடு கேட்டார். உம்மா ஒரு தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். அதில் ரொட்டி இல்லை. மகன் எழுதிக் குவித்திருந்த ஏட்டுக் கட்டுகள்தான் இருந்தன. நீ வீட்டுக்குக் கொண்டுவருவது இது ஒன்றுதானே, இதையே சாப்பிடு என்பதுதான் அந்தத் தாய் சொல்லவந்தது.

மனம் நொந்த மகன் பள்ளிவாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அவருடைய முகவாட்டத்தைக் கண்ட முவைஸ் இப்னு இம்ரான் என்ற செல்வந்தர் விஷயத்தைக் கேட்டறிந்து, 50 தீனார்களைக் கொடுத்தார். இளைஞர் நேராகக் கடைத்தெருவுக்குப் போனார். மாவும் மற்ற பொருள்களும் வாங்கி, சுமைகூலிகளின் தலையில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்று உம்மா வியந்து கேட்க, நீங்கள் தட்டில் வைத்த அந்த ஏடுகளிலிருந்துதான் என்று மகன் பதில் சொன்னாராம்.

அரபு வரலாற்று நூல்கள் சொல்லும் இந்தச் சம்பவத்தின் நாயகர் அபூ உஸ்மான் அம்ர் இப்னு பஹ்ர். உலகம் அவரை அல்-ஜாஹிழ் என்ற பெயரில் அறிகிறது. பிதுங்கிய கண்களைக் கொண்டவர் என்பது அந்தப் பட்டப்பெயரின் பொருள். தோற்றத்தைக் கேலி செய்ய வைத்த பெயர், பின்னாளில் அரபு உரைநடையின் பெரும் பெயர்களில் ஒன்றாகிவிட்டது.

ஹிஜ்ரி 160 (கி.பி. 776) வாக்கில் பஸ்ராவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். அவருடைய மூதாதையர் கினானா குலத்தாரைச் சார்ந்து வாழ்ந்தவர்கள். பாட்டனார் ஒட்டகம் ஓட்டிப் பிழைத்த கறுப்பர் என்றும் சொல்லப்படுகிறது. இளவயதில் ஜாஹிழ், ஸீஹான் கால்வாய் ஓரத்தில் ரொட்டியும் மீனும் விற்றார்.

படிக்க ஆசையுள்ளவருக்கு அன்றைய பஸ்ரா நல்ல ஊர். உமர் (ரலி) அவர்களின் காலத்தில் படைவீடாகத் தொடங்கிய அந்நகரம், அதற்குள் பெரிய வணிக நகரமாகவும் கல்வி நகரமாகவும் வளர்ந்திருந்தது. அஸ்மயீ, அபூ உபைதா, அபூ ஸைத் அல்-அன்ஸாரி போன்ற மொழி அறிஞர்களிடம் ஜாஹிழ் பாடம் கேட்டார். நகரின் எல்லையில் இருந்த மிர்பத் சந்தைக்குப் பாலைவன அரபிகள் வந்து இறங்குவார்கள். கவிதையும் வம்சக் கதைகளும் பழமொழிகளும் அங்கே காதால் கேட்டுக் கற்றவை. பள்ளிவாசல் தூண்களின் அருகே நடந்த விவாதங்களிலும் அவர் போய் அமர்ந்துகொள்வார்.

ஆனால் நூல்கள்? அச்சு இல்லாத காலம் அது. ஒவ்வொரு பிரதியையும் ஒருவர் உட்கார்ந்து கையால் எழுதியாக வேண்டும். சமர்க்கந்து வழியாக வந்த தாள் செய்யும் கலை அப்போதுதான் பக்தாதில் வேரூன்றிக்கொண்டிருந்தது. அதனால் தோல் ஏடுகளின் காலத்தைவிட நூல்கள் பெருகின. அவற்றைப் பிரதி எடுத்து, கட்டித் தைத்து விற்பவர்களை வர்ராக் என்று அழைத்தார்கள். இருந்தாலும், மீன் விற்பவர் நினைத்தபோதெல்லாம் விலை கொடுத்து வாங்கும் பொருளாக நூல் இருக்கவில்லை.

ஜாஹிழ் அதற்கு ஒரு வழி கண்டார். வர்ராக்குகளின் கடைகளை வாடகைக்கு எடுத்து, இரவு முழுவதும் உள்ளேயே தங்கிப் படிப்பார். ஒரு நூல் கைக்குக் கிடைத்துவிட்டால், அது எதைப் பற்றியதானாலும் முடிக்காமல் கீழே வைக்கமாட்டார். இச்செய்தியைப் பதிவுசெய்த இப்னுந் நதீம், புத்தகப் பித்தர்கள் மூவரில் ஒருவராக ஜாஹிழைக் குறிப்பிடுகிறார். மற்றொருவர் கலீஃபா முதவக்கிலின் அமைச்சர் ஃபத்ஹ் இப்னு காகான். கலீஃபாவின் சபையிலிருந்து சற்றே எழுந்து வெளியே போக நேர்ந்தாலும், மறைத்து வைத்திருந்த நூலை எடுத்து, நடந்துகொண்டே படிப்பார் அவர். பிற்காலத்தில் ஜாஹிழை ஆதரித்தவர்களில் அவரும் ஒருவர்.

படித்ததோடு ஜாஹிழ் நிற்கவில்லை, எழுதினார். தொடக்கத்தில் அதிலும் சோதனைதான். தம் பெயரில் நல்ல நூலை வெளியிட்டால் பொறாமைக்காரர்கள் குறை சொல்வார்கள். அதைவிடச் சாதாரணமான ஒன்றை எழுதி, இப்னுல் முகஃப்பஃ போன்ற மறைந்த மேதையின் பெயரை இட்டு வெளியிட்டால், அதே ஆட்கள் புகழ்ந்து பிரதி எடுத்துக்கொள்வார்கள். இதை அவரே பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

ஆட்சித் தலைமை பற்றி அவர் எழுதிய நூல்கள் கலீஃபா மஃமூனின் பாராட்டைப் பெற்றன. பக்தாதின் கதவுகள் திறந்தன. அரசு எழுத்தர் பதவியும் கிடைத்தது. மூன்றே நாளில் அதை விட்டு வெளியே வந்துவிட்டார் என்கின்றன நூல்கள்.

அவருடைய பெரிய நூல் கிதாபுல் ஹயவான். விலங்குகளைப் பற்றிய அந்த நூலின் தொடக்கத்தில், புத்தகம் எப்பேர்ப்பட்ட தோழன் என்பதைப் பல பக்கங்களுக்கு விரித்துச் சொல்கிறார். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் விலங்கு நூலையும் அரபியில் படித்திருந்தார். ஆனால் பெரியவர் சொன்னார் என்பதற்காக அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. கடலோடிகளிடமும் வேட்டைக்காரர்களிடமும் பாம்பாட்டிகளிடமும் விசாரித்தார். எறும்பு முதல் யானை வரை தாமே கவனித்தார். சரியாகப் படாததை மறுத்தும் எழுதினார். மீன் விற்ற காலத்தில் எளிய மக்களோடு பழகிய பழக்கம் அறிஞரான பிறகும் அவரை விடவில்லை. கஞ்சர்களைப் பற்றிய கிதாபுல் புகலாவில் வரும் அடுப்படிகளும் விருந்துகளும் சில்லறைக் கணக்குகளும் அந்தப் பழக்கத்தில் விளைந்தவைதான்.

கிதாபுல் ஹயவானை அமைச்சர் இப்னுஸ் ஸய்யாத்துக்கும், சொல்வன்மை பற்றிய அல்-பயான் வத்-தப்யீன் நூலைத் தலைமை நீதிபதி இப்னு அபீ துஆதுக்கும் காணிக்கையாக்கி, ஒவ்வொன்றுக்கும் 5000 தீனார் பெற்றார் என்று சொல்லப்படுகிறது. உம்மாவின் தட்டுக்குக் கிடைத்த பெரிய பதில் என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்தப் பணம் அரண்மனை அரசியலோடு சேர்ந்தே வந்தது. ஹிஜ்ரி 233 (கி.பி. 847) இல் இப்னுஸ் ஸய்யாத் வீழ்த்தப்பட்டுச் சித்திரவதையில் இறந்தார். அவருடைய ஆளென்று ஜாஹிழும் பிடிக்கப்பட்டு, அமைச்சரின் எதிரியான இப்னு அபீ துஆதின் முன்னால் விலங்குடன் நிறுத்தப்பட்டார். நாவன்மைதான் அன்று அவரைக் காப்பாற்றியது.

அவருடைய கருத்துகள் எல்லாவற்றையும் சமுதாயம் ஏற்கவில்லை. அவர் முஃதஸிலாக் கொள்கையைச் சார்ந்தவர். அஹ்லுஸ் ஸுன்னா அறிஞர்கள் அக்கொள்கையை மறுத்தார்கள். இப்னு குதைபா அவரைக் கடுமையாக விமர்சித்தார். அப்படியிருந்தும், அவருடைய மொழிநடையையும் இலக்கிய நூல்களையும் பின்வந்த தலைமுறைகள் ஒதுக்கவில்லை. உடன்படாதவரின் நூலையும் படித்து, எடுக்க வேண்டியதை எடுத்து, மறுக்க வேண்டியதை மறுக்கும் பக்குவம் அன்று இருந்தது.

முதுமையில் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. உடலின் ஒரு பக்கம் உணர்வற்றுப் போக, மறுபக்கம் வலியால் துடித்தது. நோயோடும் எழுதினார். 200 அளவிலான நூல்களும் சிறு நூல்களும் அவர் பெயரில் அறியப்படுகின்றன. பெரும்பாலானவை அழிந்துவிட்டன. ஹிஜ்ரி 255 (கி.பி. 868-69) இல், 90 வயதைக் கடந்த நிலையில், பிறந்த ஊரான பஸ்ராவிலேயே காலமானார். சுற்றிலும் அடுக்கி வைத்திருந்த புத்தகங்கள் சரிந்து விழுந்து இறந்தார் என்பது பிற்காலத்தார் சொன்ன கதை. உண்மையோ இல்லையோ, அவரை அறிந்தவர்களுக்கு அது பொருத்தமாகத் தோன்றியிருக்கிறது.

பாடப்புத்தகம் தவிர வேறு நூலைக் கையில் எடுக்கும் பிள்ளையிடம், இதனால் என்ன வருமானம் என்று கேட்கும் வீடுகள் இன்றும் உண்டு. அந்தக் கேள்வியைத் தவறென்று சொல்ல முடியாது. அடுப்பு எரிய வேண்டும் என்ற கவலை பஸ்ராவின் அந்த உம்மாவுக்கும் இருந்தது. ஆனால் அவர் மகனின் ஏடுகளைத் தட்டில் வைத்தாரே தவிர, அடுப்பில் வைக்கவில்லை. ஜாஹிழுக்கு இரவு வாடகைக்குக் கிடைத்தது நம் பிள்ளைகளுக்கு ஊர் நூலகத்தில் பகலிலேயே கிடைக்கிறது. அவர்களை அங்கே ஒரு நாள் அழைத்துப் போவது நம்மால் முடிந்த காரியம்தான்.